90 ஆயிரம் பார்வை, ஒரு ஆர்டர்கூட இல்லை

கேள்வி: நானும் என் தம்பியும் மரச்சாமான் பட்டறை நடத்துகிறோம். புத்தக அலமாரி, எழுது மேசை செய்கிறோம். பழைய நாற்காலி, மேசைகளைப் பழுது பார்த்துப் புதுப்பித்தும் தருகிறோம். இரண்டு பேரும் சேர்ந்து மாதத்துக்குப் பத்து வேலை முடிக்கலாம். அதில் நான்கு பழைய வாடிக்கையாளர்கள் மூலமாகவே வந்துவிடும். மீதிக்காக 14 மாதமாக இன்ஸ்டாகிராமில் தினமும் ஏதாவது போடுகிறேன். 2,300 பேர் பின்தொடர்கிறார்கள். பழைய நாற்காலிக்குப் பாலிஷ் போடும் ரீல் ஒன்று 90 ஆயிரம் பார்வையைத் தாண்டியது. அதிலிருந்து ஒரு ஆர்டர்கூட வரவில்லை. இரவு 11 மணிக்கு "நாளைக்கு என்ன போடுவது" என்று உட்கார்ந்து யோசிப்பதே தனி வேலையாகிவிட்டது. ஒரு விளம்பர ஏஜென்சி, மாதக் கட்டணம் கொடுத்தால் மாதம் 12 போஸ்டர், மூன்று மாதத்தில் 10 ஆயிரம் ஃபாலோயர்கள் என்கிறது. தம்பியோ, "இதெல்லாம் வெட்டி வேலை, போனை வைத்துவிட்டு உப்புத்தாளை எடு" என்கிறான். ஏஜென்சியிடம் கொடுக்கலாமா? நானே பணம் கட்டி, பதிவை அதிகம் பேருக்குக் காட்டும் 'பூஸ்ட்' செய்யலாமா? கடைசியாக வந்த விசாரிப்புகளின் ஸ்கிரீன்ஷாட் ஐந்து இணைத்திருக்கிறேன்.

பதில்: மற்றதைப் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை. நீங்கள் அனுப்பியதில் மூன்றாவது ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்து மேலே பாருங்கள். 'ரிக்வெஸ்ட்ஸ்' என்று எழுதி, பக்கத்தில் 7 என்று இருக்கிறது. முன்பின் தொடர்பில்லாத ஒருவர் மெசேஜ் அனுப்பினால் இன்ஸ்டாகிராம் பெரும்பாலும் அதை நேராக உள்ளே விடாது; அந்தத் தனி அறையில் உட்கார வைத்துவிடும். நீங்கள் போய்க் கதவைத் திறந்தால்தான் உண்டு. புது வாடிக்கையாளர் என்பவரே முன்பின் தெரியாதவர்தானே? ஏழில் நான்கு குப்பையாக இருக்கலாம். மீதி மூன்று பேர் எத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறார்களோ தெரியாது. இந்தப் பதிலைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

பார்த்துவிட்டீர்களா? சரி.

இதை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தம்பி சொல்வதும் ஏஜென்சி சொல்வதும் நேர் எதிராகத் தெரிந்தாலும், இருவர் கண்ணும் ஒரே எண்ணின் மீதுதான்: எத்தனை பேர் பார்க்கிறார்கள். அதைப் பெருக்கலாம் என்கிறார் ஒருவர்; பெருகினாலும் பயனில்லை என்கிறார் இன்னொருவர். உங்கள் தொழிலுக்கு அந்த எண்ணே முக்கியமில்லை என்பதுதான் என் கட்சி. உங்கள் வியாபாரம் நடக்கும் இடம் மெசேஜ் பெட்டி. அதற்கு வெளியே இருக்கிற எல்லாமும், ரீல், ஃபாலோயர், லைக் எல்லாமும், ஆளை அங்கே கொண்டுவந்து விடுகிற வண்டி. நீங்கள் 14 மாதமாக வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். மாதம் பத்து வேலை உங்கள் கைத்திறன். நான்கு தானாக வருகிறது. தேவை ஆறு. விசாரிக்கிற நான்கு பேரில் ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டால், மாதம் 24 விசாரிப்பு போதும். நாளுக்கு ஒன்றுகூட இல்லை. 10 ஆயிரம் ஃபாலோயர் வந்து அவர்களில் நூறு பேர் ஒரே மாதத்தில் அலமாரி கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? 94 பேரை ஏமாற்றுவீர்கள். ஆயிரக்கணக்கில் பொருளை அச்சடித்துத் தள்ளுகிறவருக்குச் சொல்கிற யோசனையை இரண்டு பேர் கையால் செய்கிற பட்டறைக்குச் சொல்லக்கூடாது. எங்கள் விளம்பரத் தொழிலில் இந்தத் தப்பைப் பலர் செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன்.

அந்த 90 ஆயிரத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். முதலில், அது ஆட்களின் எண்ணிக்கை அல்ல. ஒரே ஆள் மூன்று முறை சுற்றவிட்டுப் பார்த்தால் மூன்று பார்வை. இரண்டாவது, ரீல் என்பது பெரும்பாலும் உங்களைப் பின்தொடராதவர்களுக்குக் காட்டுவதற்காகவே உள்ள அமைப்பு. அந்த ரீலின் 'இன்சைட்ஸ்' பக்கத்தைத் திறந்தால் பார்த்தவர்கள் எந்த எந்த நாட்டுக்காரர்கள் என்று தெரியும். உங்கள் அலமாரி வண்டியில் ஏறிப் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் அவர்களில் எத்தனை பேர்? அழுக்கேறிய மரத்தில் பாலிஷ் துணி ஒரு இழுப்பு இழுத்ததும் நிறம் எழும்பி வருவதைப் பார்ப்பது ஒரு சுகம். உலகத்தில் எங்கே இருப்பவரும் அதைப் பார்ப்பார், அவரிடம் நாற்காலியே இல்லாவிட்டாலும். அது நல்ல ரீல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்த்து முடித்தவருக்கு நீங்கள் எந்த ஊர், வெளி ஆட்களுக்குச் செய்து தருவீர்களா, எப்படிக் கேட்பது என்று ஒன்றுமே தெரியாது. கீழே நீங்கள் எழுதியிருப்பது இரண்டு தீப்பொறி எமோஜியும் 'பழையது புதியதானது' என்ற வரியும் மட்டும்.

இனி ஸ்கிரீன்ஷாட்டுகளுக்கு வருவோம். என் மொத்தப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. இரண்டாவது உரையாடலை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ராத்திரி 9:10-க்கு ஒருவர், "இந்த 5 தட்டு அலமாரி என்ன விலை?" என்கிறார். மறுநாள் மதியம் 12:40-க்கு நீங்கள், "அளவைப் பொறுத்து சார்." அத்தோடு முடிந்தது. அவர் திரும்ப வரவில்லை.

உங்கள் பதிலில் பொய் இல்லை. அளவைப் பொறுத்துத்தான் விலை. ஆனால் அவர் நிலையில் இருந்து பாருங்கள். பதினைந்தரை மணி நேரம் காத்திருந்து கிடைத்தது மூன்று சொல். அடுத்து என்ன செய்வது என்று அவருக்கே தெரியாது. அளவு சொல்ல வேண்டுமா? எந்த அளவு? அவர் கையில் டேப்பை எடுத்துக்கொண்டு நிற்கவில்லை, மனைவியிடம், "இது நல்லா இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு ஆசையாக ஒரு வரி தட்டியிருக்கிறார். அந்த ஆசை மறுநாள் மதியம்வரை சூடாக இருக்காது.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் சார். படத்துல இருக்கறது 6 அடி உயரம், 3 அடி அகலம். அந்த அளவுக்கு இவ்வளவு ஆகும். பலகையை மாத்தினா இவ்வளவு வரைக்கும் குறைக்கலாம். உங்க சுவர்ல எவ்வளவு இடம் இருக்குன்னு தோராயமா சொன்னா போதும், சரியான விலை சொல்லிடறேன். இடத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி."

'இவ்வளவு' என்ற இடத்தில் உண்மையான எண் இருக்க வேண்டும். விலையை மறைக்காதீர்கள். 'விலைக்கு மெசேஜ் செய்யவும்' என்று போடுவது ஏதோ சாமர்த்தியம் என்று ஒரு நம்பிக்கை சின்ன வியாபாரிகளிடம் பரவிக் கிடக்கிறது. வாங்கும் எண்ணம் உள்ளவர் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுவார். பொழுது போகாதவர் மட்டும் மெசேஜ் செய்வார். போட்டியாளர் விலையைத் தெரிந்துகொள்வாரே என்பீர்கள். அவர் ஏற்கெனவே மச்சானை விட்டு விசாரித்திருப்பார்.

அந்தப் பதிலில் இன்னொன்றும் இருக்கிறது. கடைசி வரி அவரிடம் ஒரு சின்ன வேலையைக் கொடுக்கிறது. சுவரை ஒரு போட்டோ எடுப்பது யாருக்கும் கஷ்டமில்லை. எடுத்து அனுப்பிவிட்டார் என்றால் அந்தச் சுவரில் உங்கள் அலமாரியை மனதுக்குள் மாட்டிப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். அப்புறம் பேரம் பேசுவார், நாள் கேட்பார். ஆனால் போய்விட மாட்டார்.

உடனே பதில் சொல்ல முடியாது, கையில் பசையும் மரத்தூளும் இருக்கும், புரிகிறது. நாளுக்கு மூன்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள்: வேலை தொடங்கும் முன், மதியம், விளக்கணைக்கும் முன். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். மற்ற நேரத்துக்கு வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலி பார்த்துக்கொள்ளும். 2018-இல் சின்ன வியாபாரிகளுக்கென்றே வந்த இலவசச் செயலி அது. நீங்கள் இன்னும் சாதாரண வாட்ஸ்ஆப்பிலேயே இருக்கிறீர்கள் என்று படத்தைப் பார்த்தால் தெரிகிறது. பிசினஸ் செயலியில் வேலை நேரம் முடிந்த பிறகு வருபவருக்குத் தானாகப் போகும் பதில் ஒன்றை எழுதி வைக்கலாம். "பட்டறை மூடியாச்சு, காலையில் 9 மணிக்குள்ள நானே பதில் போடறேன்" என்று ஒரு வரி. திரும்பத் திரும்பத் தட்டுகிற பதில்களைச் சுருக்கமாகச் சேமித்து வைத்து ஒரே தட்டில் அனுப்பலாம். அலமாரி, மேசைகளைப் படம், அளவு, விலையோடு அடுக்கிக் காட்ட அதிலேயே 'கேட்டலாக்' இருக்கிறது. 'விசாரிப்பு', 'விலை சொல்லியாச்சு', 'முன்பணம் வந்தது' என்று ஆளுக்கு ஆள் லேபிள் ஒட்டலாம். இந்த லேபிள் விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். விலை சொல்லி நான்கு நாளாகப் பேச்சு இல்லாதவர்கள் யார் என்று ஒரே பார்வையில் தெரியும். அவர்களுக்கு, "சார், அந்த மேசை விஷயம் யோசிச்சீங்களா? அடுத்த வாரம் ஒரு இடம் காலியா இருக்கு" என்று ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். இரண்டாவது தடவை கேட்டால் நச்சரிப்பு.

என்ன போடுவது என்ற ராத்திரிக் கவலைக்கு வருகிறேன். தினமும் போடத் தேவையில்லை. வாரம் இரண்டு, நின்று பார்க்கிற மாதிரி இருந்தால் தாராளம். விஷயத்தை யோசித்துப் பிடிக்கவும் வேண்டாம். பட்டறைச் சுவரில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். வாடிக்கையாளர் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு கேள்வியையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே அதில் எழுதுங்கள். "மழை வந்தா மட்டும் டிராயர் ஏன் இறுகிப்போகுது?" இது ஒரு ரீல். மரம் ஈரத்தை இழுத்து உப்புகிறது. ரேகைக்குக் குறுக்கே கணிசமாக, ரேகையின் நீளவாக்கில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால்தான் டிராயர் பலகை உயரவாக்கில் உப்பி, மேலேயும் கீழேயும் பிடித்துக்கொள்கிறது. தம்பி இழைப்புளியை வைத்து ஓரத்தில் மெல்லிய சீவல் ஒன்றை எடுக்கிறார், டிராயர் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. இருபது விநாடி. "ஆடுற நாற்காலிக்கு ஆணி அடிச்சா போதாதா?" இது இன்னொன்று. ஆணி அடித்து அடித்துப் பிளந்துபோன கால் ஒன்று உங்கள் பட்டறை மூலையில் கட்டாயம் கிடக்கும். அதைக் கையில் எடுத்துக் காட்டி, பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டி இறுக்குவதைக் காட்டுங்கள்.

பாலிஷ் ரீலுக்கும் இதற்கும் வித்தியாசம் என்னவென்றால், டிராயர் இறுகிப்போவதை நின்று பார்க்கிறவர் வீட்டில் ஒரு டிராயர் இறுகிக் கிடக்கிறது. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொஸேரி 2025 தொடக்கத்தில் சொன்னது இது: ஒரு பதிவு எவ்வளவு தூரம் போகும் என்பதில் முக்கியமானவை மூன்று. எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள். புது ஆட்களைப் போய்ச் சேருவதற்கு இந்த அனுப்புதல்தான் கூடுதலாக உதவும் என்பதும் அவர் சொன்னதுதான். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "நம்ம வீட்டு டிராயரும் இப்படித்தான், பாரு" என்று மகள் அப்பாவுக்கு அனுப்புவது வாய்வழி விளம்பரம்தான். வாய்க்குப் பதில் கட்டைவிரல். ரீல் எடுக்கும்போது மனதில் இந்த ஒரே கேள்வி இருக்கட்டும்: இதை யார், யாருக்கு அனுப்புவார்? விடை வரவில்லையென்றால் எடுக்க வேண்டாம்.

எடுக்கிற விதத்தைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன். உங்கள் படங்கள் ஏன் மங்கலாக இருக்கின்றன என்று யோசித்தேன். போன் லென்ஸில் மரத்தூள். ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்டு எடுங்கள். விளக்கை நேர் மேலே போடாமல் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பலகையைத் திருப்புங்கள், ரேகை எழுந்து நிற்கும். போனை நிமிர்த்திப் பிடியுங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம். வணிகக் கணக்குகளுக்கு அந்தப் பாடல்களைப் பயன்படுத்தும் உரிமை பெரும்பாலும் கிடையாது, சத்தத்தை முடக்கிவிடுவார்கள். இழைப்புளி ஓடுகிற சத்தத்தைவிட நல்ல பின்னணி இசை உங்களுக்கு எங்கே கிடைக்கப் போகிறது? தம்பி முகம் காட்டக் கூச்சப்பட்டால் கை மட்டும் போதும். வேலை செய்கிற கையை யாரும் தள்ளிவிட்டுப் போவதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாற்காலி உடைந்தவர் இன்ஸ்டாகிராமுக்கு வருவதில்லை. கூகுளில் 'நாற்காலி பழுது பார்க்கும் இடம்' என்று தேடுகிறார். இன்ஸ்டாகிராமில் இருப்பவர் வேடிக்கை பார்க்க வந்தவர், அவருக்கு ஆசையை உண்டாக்க வேண்டும். தேடுகிறவரிடம் தேவை ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் கண்ணில் பட்டால் போதும். கூகுள் மேப்பில் உங்கள் பட்டறையைத் தேடிப் பார்த்தேன். யாரோ வழிப்போக்கர் வைத்த புள்ளி ஒன்று இருக்கிறது. போன் நம்பர் இல்லை, நேரம் இல்லை, படம் ஒன்றே ஒன்று, அதுவும் பூட்டிய கதவு. கூகுள் பிசினஸ் புரொஃபைலில் அதை உங்கள் பெயரில் உரிமை கோருங்கள். காசு கிடையாது. யாரை முன்னால் காட்டுவது என்பதற்குக் கூகுளே சொல்கிற காரணங்கள் மூன்று: தேடியதோடு பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், எவ்வளவு பெயர் பெற்றது. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. பொருத்தம் என்பது 'மரச்சாமான் கடை' என்று மட்டும் போடாமல் பழுது, புதுப்பிப்பு, அளவுக்குச் செய்வது என்று செய்யும் வேலைகளை எழுதி வைப்பது. பெயர் என்பதில் விமர்சனங்களுக்குப் பெரிய பங்கு.

விமர்சனம் கேட்பதற்கு நேரம் உண்டு. அலமாரியை இறக்கிச் சுவரோடு பொருத்தி, அவர்கள் முதல் புத்தகத்தை அடுக்கிவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து பார்ப்பார்களே, அந்த நிமிடம். "பிடிச்சிருந்தா கூகுள்ல ரெண்டு வரி எழுதுங்க, லிங்க் அனுப்பறேன்" என்று வாட்ஸ்ஆப்பில் அப்போதே அனுப்பிவிடுங்கள். வீட்டுக்கு வந்து அனுப்பலாம் என்றால் அது நடக்காது. எழுதினால் தள்ளுபடி, பரிசு என்று மட்டும் சொல்லாதீர்கள். கூகுள் விதிப்படி அது தடை. சொந்தக்காரர்களை விட்டு எழுதச் சொல்வதும் வேண்டாம். ஐந்து நட்சத்திரமும் 'அருமை அருமை' என்று ஒரே வார்த்தையுமாக ஒரே நாளில் எட்டு வந்து விழுந்தால் கூகுள் கண்டுபிடிக்கிறதோ இல்லையோ, படிக்கிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

இப்போது ஏஜென்சி. அவர்கள் மோசடிக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'இத்தனை ஃபாலோயர்' என்று வாக்குக் கொடுப்பவரிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். அந்த எண்ணை நேர்மையாக உறுதி சொல்ல வழியே இல்லை. பின் எப்படிக் கொண்டுவருவார்கள்? விலைக்கு வாங்குவார்கள், அல்லது பரிசுப் போட்டி வைப்பார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு சின்னக் கடைக்கு அப்படி ஒரு போட்டி வைத்தேன். 'பின்தொடருங்கள், மூன்று நண்பர்களைச் சேர்த்துவிடுங்கள், பரிசு வெல்லுங்கள்.' பத்தே நாளில் ஃபாலோயர் இரட்டிப்பானார்கள். கடைக்காரர் எனக்கு விருந்து வைத்தார். அடுத்த மாதத்திலிருந்து அவர் எதைப் போட்டாலும் சீந்த ஆளில்லை. பரிசுக்காக வந்தவர்களுக்கு அவர் பொருளில் ஆர்வமே கிடையாது. காட்டக் காட்ட அவர்கள் தள்ளிவிட்டுப் போனார்கள். முதலில் காட்டியவர்களே இப்படித் தள்ளினால் அந்தப் பதிவை மேற்கொண்டு யாருக்குக் காட்டுவது என்று தளத்தின் இயந்திரமும் கைவிட்டுவிடும். உண்மையான பழைய வாடிக்கையாளர்கள் கண்ணிலிருந்தும் அவர் மறைந்துபோனார். அந்த விருந்து இன்றைக்கும் எனக்குச் செரிக்கவில்லை.

12 போஸ்டர் என்பதும் பெரும்பாலும் வாழ்த்து போஸ்டர்தான். மூலையில் உங்கள் லோகோ, நடுவில் யாரோ வரைந்த படம். அதைப் பார்த்து யாரும் மேசை வாங்குவதில்லை. அதற்குப் பதில் ஏஜென்சியிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ஃபாலோயர் வேண்டாம். மாதம் எத்தனை விசாரிப்பு வந்தது, எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கொடுப்பீர்களா?" இதற்கு முகம் மாறாமல் பதில் சொல்பவர் கிடைத்தால் பேச்சைத் தொடருங்கள். அப்போதும் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: பக்கமும் விளம்பரக் கணக்கும் உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில், உங்கள் போன் நம்பரில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டைக் கொடுக்காமலே அவர்களுக்கு வேலை செய்யும் அனுமதியை மட்டும் கொடுக்க, இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டாவில் வழி இருக்கிறது. பக்கத்தைத் தன் பெயரில் தொடங்கிக் கொடுத்த ஆள் சண்டை போட்டுக்கொண்டு போனதும், ஆறு வருட உழைப்பைத் தொட முடியாமல் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும்.

பூஸ்ட் செய்யலாமா என்றால், செய்யலாம், ஆனால் இப்போது வேண்டாம். பதில் சொல்கிற முறை சரியாகி இரண்டு மாதம் போகட்டும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றக் காசு கொடுப்பானேன்? செய்யும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. விளம்பர இயந்திரம் நீங்கள் கேட்டதைத்தான் தேடிக் கொண்டுவரும். லைக் கேட்டால், எதற்கெடுத்தாலும் லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப் பிடிக்கும். அவர்கள் வாங்குபவர்களாக இருக்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. எனவே நோக்கம் என்ற இடத்தில் 'மெசேஜ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இடம் என்பதில் உங்கள் வண்டி போய் வரக்கூடிய சுற்றளவை மட்டும் போடுங்கள். விளம்பரத்தைத் தட்டினால் நேராக வாட்ஸ்ஆப் திறக்கிற மாதிரியும் வைக்கலாம்.

எவ்வளவு செலவழிப்பது என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. உங்களோடு ஏலம் கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துத் தினமும் மாறும். என் வழக்கம்: ஒரு அலமாரியில் உங்கள் கையில் நிற்கும் லாபம் எவ்வளவோ அதில் பாதி, அதற்கு மேல் முதல் சோதனைக்குத் தொடக்கூடாது. அதையும் ஐந்து விளம்பரமாகக் கூறு போடாதீர்கள். யாருக்குக் காட்டுவது என்று இயந்திரம் கற்றுக்கொள்ள ஒரு விளம்பரத் தொகுதிக்கு ஒரு வாரத்தில் ஏறக்குறைய 50 பலன்களாவது தேவை என்பது மெட்டாவே சொல்லும் கணக்கு. உங்கள் அளவுக்கு 50 மெசேஜ் ஒரே வாரத்தில் வராது, அது தெரிந்ததுதான். இருக்கிற கொஞ்சத்தையும் சிதறடித்தால் அது எதையுமே கற்காது. ஒரே விளம்பரம். ஆணி அடித்த நாற்காலிக்கால் ரீல் நன்றாக வந்தால் அதையே போடுங்கள்.

தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தளங்கள் எதுவும் உங்களுடையவை அல்ல. 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தார் போடுவதற்கே இனி முன்னுரிமை, வியாபாரப் பக்கங்கள் குறைவாகத்தான் தெரியும் என்று ஃபேஸ்புக் அறிவித்தது. அதுவரை அங்கேயே கடை விரித்திருந்தவர்களில் பலர் தெருவுக்கு வந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்ஆப் மூன்றும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் படுத்துக்கொண்டன. வைன் என்று ஒன்று இருந்தது, கூகுள் பிளஸ் என்று ஒன்று இருந்தது. இரண்டும் இன்று இல்லை. எனவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வாங்கியவர் பெயர், நம்பர், என்ன செய்து கொடுத்தீர்கள், என்ன மரம், எந்தத் தேதி. இது மட்டும்தான் உங்கள் சொத்து. அந்த நம்பர்களை, அவர்களைக் கேட்டுக்கொண்டு, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்ஆப் பிராட்காஸ்ட் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதனால் பொருளைக் கொடுக்கும்போதே, "எங்க நம்பரைப் பதிஞ்சுக்கோங்க, ஒரு வருஷம் கழிச்சு பாலிஷ் மங்கினா சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்கள். யாரையும் கேட்காமல் குழுவில் இழுத்துப் போடாதீர்கள். மாதம் ஒரு செய்திக்கு மேல் வேண்டாம்.

அதே நோட்டில் கடைசியாக ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: 'எப்படித் தெரிய வந்தது?' விசாரிக்கிற ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்டு, சொன்னதை எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் கட்டத்தை எண்ணுங்கள். 'மேப்பில் பார்த்தேன்' என்று பதினைந்தும் 'இன்ஸ்டாகிராம்' என்று இரண்டும் இருந்தால், வாரம் இரண்டு ரீலை ஒன்றாகக் குறைத்துவிடலாம், தம்பிக்கும் சந்தோஷம். தலைகீழாக இருந்தால் அவரிடம் நோட்டைக் காட்டுங்கள், என் பேரைச் சொல்ல வேண்டாம்.

அந்தப் பாலிஷ் ரீலை அழித்துவிடப் போகிறேன் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அழிக்காதீர்கள். போட்ட பிறகும் கீழே எழுதியதைத் திருத்தலாம். எந்த ஊர், என்ன வேலை செய்து தருவீர்கள், எவ்வளவு தூரம் வந்து எடுத்துப் போவீர்கள், தோராய விலை எங்கிருந்து தொடங்கும், எந்த நம்பர் என்று ஐந்து வரி சேர்த்து, பக்கத்தின் மேலே பின் செய்து வையுங்கள். அப்புறம் அதன் கீழே இருக்கிற கமெண்டுகளை ஒரு முறை முழுக்கப் படியுங்கள். நான் மேலோட்டமாகப் பார்த்தபோதே, "எங்க வீட்ல தாத்தாவோட நாற்காலி இதே மாதிரி இருக்கு, செய்து தருவீங்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐந்து மாதம் ஆகிறது. யாரும் பதில் போடவில்லை. "தாமதத்துக்கு மன்னிக்கவும். நாற்காலி இன்னும் இருக்கா? ஒரு போட்டோ அனுப்புங்க, பார்த்துட்டு சொல்றேன்" என்று இன்றைக்கே போடுங்கள்.